புகையா, நீராவியா?

ஜாம்பியாவின் தலைநகர் லுசாக்காவிலிருந்து லிவிங்ஸ்டன் நகருக்குச் சாலை வழியே ஏறத்தாழ 470 கிலோமீட்டர். நாள் முழுதும் மோட்டாரில் சென்றால் இறுதியில் தொடுவானில் வெண்புகை எழுவது தெரியும். அதுவே ஜாம்பெசி ஆற்றின் விக்டோரியா அருவி. அங்குள்ள மக்கள் அதனை ‘மோசி-ஓ-துன்யா’, அதாவது ‘இடி முழக்கும் புகை’ என்பர்.

விழும் வேகத்தில் நீர் சூடேறி ஆவியாகிறதோ? கணக்கிட்டுப் பார்ப்போம். அருவியின் உயரம் 108 மீட்டர். 1 கிலோகிராம் நீர் விழுகையில் கிடைக்கும் ஆற்றல் 1 × 9.8 × 108, சுமார் 1,060 ஜூல். அந்நீரை 1 டிகிரி சூடாக்கவோ 4,200 ஜூல் தேவை. ஆற்றல் முழுதும் வெப்பமானாலும் கால் டிகிரிதான் ஏறும்! மேலும், நீராவி கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே, நாம் காண்பது பாறையில் மோதிச் சிதறிய நுண்துளிகளே. குறுகிய பள்ளத்தில் விழும் நீர் காற்றை மேலே தள்ளுகிறது. துளிகளும் உடன் ஏறுகின்றன. சான்று வேண்டுமா? சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு நின்று நோக்கினால் அங்கே வானவில் தெரியும். துளியின்றி வானவில் ஏது? முழுநிலவு இரவிலும் அது தோன்றுவதுண்டு!

அக்டோபர், நவம்பரில் ஆற்றில் நீர் குறையும்; ‘புகை’யும் மெலியும். காரணத்தை இனி நீங்களே கூறலாம் அல்லவா?