தலக்கோனா அருவி: வழிகாட்டியின் கூலி

திருப்பதிக்கு வடமேற்கே, சேஷாசல மலைத்தொடரில் சுமார் 270 அடி உயரத்திலிருந்து வீழ்கிறது தலக்கோனா அருவி. அடிவாரம்வரை எளிய நடைதான். உச்சியை அடைய வேர்களும் வழுக்குப் பாறைகளும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் ஏற வேண்டும். வழியறிந்த உள்ளூரார் துணையின்றி ஏறுவது அறிவுடைமையன்று. அத்துணைக்குத் தரும் கூலியைப் பொருளியல் மாணவர் கவனித்தல் நலம்.

1989-இல் தேசியப் பூங்காவான இக்காட்டில் செஞ்சந்தனம் வளர்கிறது. மரத்தை வெட்டினால் ஒருமுறை வருவாய்; வழிகாட்டினால், காடு நிற்கும்வரை வருவாய். ஆயின் இக்கூலி அடிவாரச் சிற்றூர்களுக்கே கிட்டும். வெட்டச் சென்றோருள் பலர் ஜவ்வாது மலை போன்ற தமிழகப் பகுதியினர். 2015 ஏப்ரல் 7 அன்று இம்மலைக்காட்டில் ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த 20 பேரும் தமிழகத் தொழிலாளர்களே. தலக்கோனாவில் வசூலாகும் கட்டணம் அவர்தம் ஊர்களை எட்டுவதில்லை.