தோற்கிறவன் நம்ப வேண்டும்

அன்புள்ள மருமகனே,

உங்கள் வகுப்பில் மாதிரித் தேர்தல் நடத்தப்போகிறீர்கள், உன்னைத்தான் தேர்தல் அதிகாரியாகப் போட்டிருக்கிறார்கள் என்று உன் அப்பா போனில் சொன்னார். போஸ்டரும் கோஷமும் இப்போதே தயாராம். அதையெல்லாம் வேட்பாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும், உன் வேலை வேறு. ஜெயித்தவன் தேர்தல் எப்படி நடந்தது என்று கேட்கவே மாட்டான். தோற்றவன்தான் கேட்பான். அவன் கேட்கக்கூடியதற்கெல்லாம் முன்கூட்டியே பதில் வைத்திருக்க வேண்டியவன் நீ. வாக்குச்சாவடிப் பணிக்குப் போகும்போது எங்கள் கையில் ஒரு கட்டுப் படிவம் திணிப்பார்கள். அத்தனையும் அந்தத் தோற்கிறவனுக்காக அச்சடித்ததுதான் என்று எனக்குத் தோன்றும்.

முதலில் எதற்காகத் தேர்தல் என்று முடிவு செய். நிஜக் கட்சிகளின் பெயரைப் போட்டு நடத்தாதே. வீட்டில் பெரியவர்கள் போடுகிற ஓட்டைத்தான் பிள்ளைகள் வந்து வகுப்பிலும் போடுவார்கள். உங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிற விஷயமாகப் பார். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறாரே, அதைப் பற்றிப் பேசப்போகும் வகுப்புப் பிரதிநிதி யார் என்று வைத்தால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். வீட்டுப்பாடமே இருக்காது என்று வாக்குறுதி கொடுக்க ஒருவன் கட்டாயம் வருவான். அதற்கு உனக்கு என்ன அதிகாரம் என்று மற்றவர்கள் அவனைக் கேட்க ஒரு கூட்டம் மட்டும் ஏற்பாடு செய்துவிடு.

அடுத்தது வாக்காளர் பட்டியல். வருகைப் பதிவேடு இருக்கிறதே என்று அலட்சியமாக இருக்காதே. 1951-52இல் நாட்டின் முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, வடக்கே பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா என்றுதான் எழுதவைத்தார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஒப்பவில்லை. சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன், ஆனால் ஓட்டை இழந்தது என்னவோ அந்தப் பெண்கள்தான். உன் பட்டியலை ஒரு வாரம் முன்பே சுவரில் ஒட்டு. போன மாதம் வந்து சேர்ந்த பிள்ளையின் பெயர் விட்டுப்போயிருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். வாக்குப்பதிவு அன்று தெரிந்தால் அது சண்டை.

வேட்புமனுவுக்கு ஏதாவது ஒரு தடை வை, ஐந்து பேர் முன்மொழிய வேண்டும் என்பது போல. 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள். கோரிக்கைகளை யாரும் காதில் வாங்கவில்லை என்ற கோபத்தில் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனு போட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியதாயிற்று, தேர்தலும் தள்ளிப்போனது. அதே ஆண்டில் சட்டமன்ற டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக ஏறியது. இன்று அது 10,000. நீ காசு வாங்கிவிடாதே, தலைமையாசிரியர் அறைக்குப் போக வேண்டியிருக்கும்!

செல்போனில் ஓட்டுப் போடச் செயலி இருக்கிறது என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். அதற்குள் என்ன நடக்கிறது என்று தோற்றவனுக்கு எப்படிக் காட்டுவாய்? நிஜ இயந்திரத்துக்கே அந்தச் சந்தேகம் வந்துதான் விவிபாட் சேர்த்தார்கள். போட்ட ஓட்டு யாருக்கு விழுந்தது என்று ஏழு விநாடி கண்ணாடிக்குள் சீட்டு தெரியும். உனக்குக் காகிதமே போதும். நம்மூர் ஊராட்சித் தேர்தலில் இன்றைக்கும் காகிதம்தான். தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை என்று சீட்டைக் கொடுப்பதைப் பார்த்திருப்பாய்.

ஆனால் பெயரை எழுதிப்போடச் சொல்லாதே. நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் யார் கையெழுத்து எது என்று எல்லோருக்கும் தெரியும், ரகசியம் போய்விடும். பெயரையும் சின்னத்தையும் அச்சடித்துக் கொடு, ரப்பர் முத்திரை குத்தட்டும். தேர்தல் முத்திரையில் அம்புகள் ஒரே திசையில் சுற்றுகிற மாதிரி இருக்கும். சீட்டை மடிக்கும்போது ஈர மை மறுபக்கம் ஒட்டினால் அம்புகள் திரும்பித் தெரியும், அது குத்தியது அல்ல, ஒட்டியது என்று கண்டுபிடித்துவிடலாம். யோசித்தவர் கெட்டிக்காரர். எது செல்லாத ஓட்டு என்பதையும் முந்தின நாளே கரும்பலகையில் வரைந்து காட்டிவிடு. எண்ணும்போது உட்கார்ந்து விதி போட்டால் எந்த விதியும் ஒருவருக்குச் சாதகமாகத்தான் தெரியும். ஓட்டுப் போடும் அட்டை மறைப்பை ஜன்னலுக்கு முன்னால் வைக்காதே. விரலில் வைக்க மார்க்கர் பேனா போதும். மைசூரிலிருந்து வருகிற மை உங்களுக்குக் கிடைக்காது.

வாக்குப்பதிவு அன்று காலைதான் முக்கியம். நிஜச் சாவடியில் வாக்குப்பதிவு தொடங்க 90 நிமிடம் முன்பே வேலை ஆரம்பமாகிவிடும். ஏஜெண்டுகள் முன்னால் குறைந்தது 50 ஓட்டுப் போட்டுப் பார்த்து, எண்ணிக் காட்டி, பிறகு அத்தனையையும் அழித்து, இயந்திரத்தில் பூஜ்யம் இருப்பதை அவர்களுக்குக் காட்டுவோம். தூக்கம் வடியாத கண்ணோடு அவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அதன் பிறகே சீல். இதில் ஏஜெண்டும் கையெழுத்துப் போட வேண்டும். உன் வகுப்பில் ஒவ்வொரு வேட்பாளரும் ஒரு ஏஜெண்டை நியமிக்கட்டும். காலிப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டு. ஒட்டிய காகிதத்தில் அவர்கள் கையெழுத்து வாங்கு. பாதி நாளில் அவர்களுக்குச் சலித்துப்போகும், எழுந்து போக விடாதே.

சாயங்காலம் பெட்டியைத் திறக்கும் முன் ஒரு கணக்கு. எத்தனை பேர் கையெழுத்திட்டுச் சீட்டு வாங்கினார்கள் என்பதை எழுதி எல்லா ஏஜெண்டுகளுக்கும் ஒரு பிரதி கொடு. எங்களுக்கு அது 17சி படிவம். பெட்டிக்குள் அந்த எண்ணிக்கைதான் இருக்க வேண்டும். ஒரு சீட்டு கூடினால் முதலில் அதை விசாரி, பிறகு எண்ணு. ஒரு ஓட்டுதானே என்று நினைக்காதே. 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் 62,216-க்கு 62,215 என்று முடிந்தது.

சமமாக வந்தால்? 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சீட்டுக் குலுக்கச் சொல்கிறது. உத்திரமேரூர்க் குடவோலையைப் பற்றி மேடைதோறும் பேசுகிறார்களே, அங்கே ஓலைகளைக் குடத்திலிட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். அதுவும் குலுக்கல்தான், ஆனால் சொத்தும் கல்வியும் உள்ள ஆண்கள் பெயர் மட்டுமே குடத்துக்குள் போனது. இதைச் சொன்னால் பேச்சாளர்களுக்குக் கோபம் வரும். உங்களுக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டால் போதும்.

முடிவைச் சொன்னதும் சீட்டுகளைக் கிழித்து எறியாதே. தேர்தல் வழக்குப் போட நிஜத்தில் 45 நாள் அவகாசம் உண்டு. உனக்கு ஒரு வாரம் போதும். கட்டி, ஒட்டி, வகுப்பாசிரியர் பீரோவில் வை. யாராவது மறு எண்ணிக்கை கேட்டால் முகத்தைச் சுளிக்காமல் எண்ணிக் காட்டு. பழைய ரப்பர் முத்திரை ஒன்றும் ஸ்டாம்ப் பேடும் எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா வரும்போது கொடுத்தனுப்புகிறேன், பேடுக்கு மை மட்டும் நீ வாங்கிக்கொள்.

அன்புடன்,
உன் அத்தை