மாதவிடாய் நின்ற பிறகு

எலெக்ட்ரானிக் சிட்டியில் பெரிய பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. அங்கே கூட்டவும் துடைக்கவும் வரும் பெண்களில் தமிழ் பேசுபவர்களும் உண்டு. நாற்பதைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். முட்டி வலி என்றால் சொல்வார்கள். சர்க்கரை என்றால் சொல்வார்கள். பிறப்புறுப்பில் எரிச்சல் என்றால் பலர் வாய் திறப்பதில்லை. “சூடு பிடித்திருக்கும்” என்று மோரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள்.

நம் நாட்டுப் பெண்கள் பலருக்கு 45 வயது முதல் 50 வயதுக்குள் மாதவிடாய் நிற்கிறது. ஓர் ஆண்டு முழுவதும் வராவிட்டால் நின்றுவிட்டது என்று பொருள். ஏன் நிற்கிறது? சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஒன்று சுரக்கிறது. வயது ஏறும்போது அது குறைகிறது. பிறப்புறுப்பின் உள்தோல் மெலிகிறது. ஈரம் குறைகிறது. அதனால் அரிப்பு வரலாம். கணவனோடு சேரும்போது வலிக்கலாம். நீர்க்கடுப்பும் அடிக்கடி வரலாம்.

இது தப்பான நடத்தையால் வருவதல்ல. இதை வைத்து மனைவியைச் சந்தேகப்படும் ஆண்களும் இந்தப் பாடத்தைப் படிக்க வேண்டும். டாக்டர் தரும் களிம்பில் குணம் தெரியும்.

சோப்பையும் கிருமி மருந்தையும் உள்ளே விட்டுக் கழுவக் கூடாது. தரையைத் துடைப்பது வேறு, உடம்பு வேறு. பிறப்புறுப்புக்குள் நல்ல கிருமிகள் வாழ்கின்றன. தயிரை உறைய வைக்கும் கிருமிகளுக்கு அவை உறவு. கெட்ட கிருமிகளை அவை அண்ட விடுவதில்லை. வெளிப்பக்கத்தைத் தண்ணீரால் கழுவினால் போதும். வெள்ளைப்படுதலில் கெட்ட வாடை அடித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. மாதவிடாய் நின்று ஓர் ஆண்டுக்குப் பிறகு ரத்தம் பட்டால் அது மாதவிடாய் அல்ல. “போனது திரும்பி வந்துவிட்டது” என்று சிலர் சிரிப்பார்கள். உள்தோல் மெலிந்ததால் வந்த ரத்தமாக இருக்கலாம். புற்றுநோயாகவும் இருக்கலாம். எது என்று சோதித்தால்தான் தெரியும். ஒரு சொட்டு பட்டாலும் போக வேண்டும். ஒரு நாள் சம்பளம் போகும்தான். ஆனால் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பலரைக் குணப்படுத்த முடிகிறது.

ரத்தம் படாதவர்களுக்கும் சோதனை உண்டு. 30 வயது முதல் 65 வயது வரை, 5 ஆண்டுக்கு ஒரு முறை கருப்பை வாயைச் சோதிக்க வேண்டும் என்பது அரசுத் திட்டம். வினிகர் போன்ற மருந்தைத் தடவிப் பார்ப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். மேலே பார்க்க வேண்டுமானால் ஓசூர் ரோட்டிலேயே, நிமான்ஸ் பக்கத்தில், கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சமா? “லேடி டாக்டர் பேக்கு” என்று சீட்டு கொடுக்கும் இடத்திலேயே கேட்கலாம்.