மீன் குட்டைக்கு உப்பு போடலாமா?

லயத்துக்குப் பின்னால் குட்டை வெட்டி மீன் வளர்க்கும் குடும்பங்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. “வாரத்துக்கு ஒருக்கா உப்பு போட்டா மீனுக்கு நோயே வராதாமே, மெய்யாங்க?”

ஒரு தோட்டத்தில் ஓர் அக்கா அதை நம்பி ஞாயிறுதோறும் ஒரு கிலோ உப்பு போட்டு வந்தார். குட்டையில் இருந்தது திலாப்பியா. அது உப்பைத் தாங்கும் மீன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் குட்டைத் தண்ணியைத்தான் அவர் போஞ்சிப் பாத்திக்கும் ஊற்றினார். இலை ஓரம் கருகி, கொடி முழுக்கக் காய்ந்துவிட்டது. நோய் என்று நினைத்து மருந்துக்கும் காசு செலவழித்திருந்தார். நாங்கள் தண்ணியை நாக்கில் வைத்துப் பார்த்தோம். கரித்தது.

வெயிலில் தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது. போட்டதெல்லாம் குட்டையிலேயே சேரும். தண்ணியைத் திறந்து விட்டால்தான் குறையும். பன்னிரண்டு வாரம் போட்டால் பன்னிரண்டு கிலோ உள்ளே நிற்கும். போஞ்சி, கரட் இரண்டும் உப்புக்கு மிகவும் பயந்தவை. இது பீலித் தண்ணி ஓடாத குட்டைக்குச் சொன்னது. பீலி ஓடும் குட்டையில் போடும் உப்பு உங்கள் மீனுக்கு உதவாமல் கீழ் லயத்துக்குத்தான் போகும்!

அப்படியானால் உப்பால் பயனே இல்லையா? உண்டு. நன்னீர் மீனின் உடம்பில் உள்ள உப்பு, வெளித் தண்ணியில் இருப்பதைவிட அதிகம். அதனால் தண்ணி செவுள் வழியே ஓயாமல் உள்ளே ஊறும், மீன் அதை வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காயம் பட்ட மீனுக்கும், தூரத்திலிருந்து பையில் கொண்டுவந்த குஞ்சுக்கும் இந்த வேலை பெரும் பாரம். தண்ணியில் கொஞ்சம் உப்பு இருந்தால் பாரம் குறையும். லீற்றருக்கு 1 கிராம் போதும். அதற்கும் முழுக் குட்டை வேண்டாம், ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் விட்டு இரண்டு மூன்று நாள் வைத்திருந்தால் சரி. தகர வாளியில் உப்புத் தண்ணி வைக்காதீர்கள். அதில் பூசிய நாகம் கரைந்து மீனுக்கு நஞ்சாகும்.

உடம்பில் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளி கண்டால் மட்டும் முழுக் குட்டைக்கும் போட வேண்டியிருக்கும். அந்தக் கிருமி மீனை விட்டு விழுந்து குட்டையின் அடியில் பெருகும். இதற்கு லீற்றருக்கு 3 கிராம். மலைநாட்டுக் குளிர் தண்ணியில் கிருமி மெதுவாகத்தான் வளரும், அதனால் நாலு நாளில் நிறுத்தாமல் இரண்டு வாரமாவது விட்டு வையுங்கள்.

கைப்பிடிக் கணக்கு வேண்டாம். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வந்ததை 28 ஆல் பெருக்கினால் லீற்றர் கிடைக்கும். 8 அடி நீளம், 5 அடி அகலம், இரண்டரை அடி ஆழம் என்றால் 2,800 லீற்றர். லீற்றருக்கு 3 கிராம் என்றால் ஏறக்குறைய எட்டரைக் கிலோ. ஒரே நாளில் கொட்டாதீர்கள். மூன்று பங்காக்கி, வாளியில் நன்றாகக் கரைத்து, மூன்று நாளில் ஓரமாக ஊற்றுங்கள். கரையாத கல் அடியில் கிடந்தால் மேயும் மீனின் உடம்பைச் சுடும். உப்பு கல்லுப்பாக இருக்கட்டும். தூள் உப்பில் கட்டி பிடிக்காமலிருக்க வேறு பொருள் சேர்க்கிறார்கள்.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உப்பைத் தேடி ஓடாதீர்கள். அது மூச்சு முட்டல். மிச்சச் சோறும் ரொட்டியும் அதிகமாகப் போட்டு அடியில் அழுகினாலும், பாசி மண்டினாலும் இரவில் தண்ணியில் காற்றுக் குறையும். மூன்றில் ஒரு பங்கு தண்ணியை மாற்றி, புதுத் தண்ணியை உயரத்திலிருந்து விழ விடுங்கள். தீனியை இரண்டு நாள் நிறுத்துங்கள். மருந்தடிக்கும் டாங்கியை மேலே பீலியில் யாராவது கழுவி மீன் செத்தாலும் உப்பு உதவாது. அங்கே கழுவுகிறவரிடம்தான் பேச வேண்டும்.

வைத்தியம் முடிந்ததும் உப்புத் தண்ணியைப் பாத்திக்கு விடாமல் கானில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து விட்டு, நல்ல தண்ணி நிரப்புங்கள். நாக்கில் கரிப்பு தெரியாத வரைக்கும் மாற்றுங்கள். அதுவரை போஞ்சிக்கு பீலித் தண்ணிதான்.