வடகரையில் பூண்டு போடுகிறவர்களுக்கு

1. முதலில் ஆசையைச் சுருக்கிக்கொள்ளுங்கள். கொடைக்கானல் மலையில் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் விளைந்து வடுகபட்டிச் சந்தைக்கு வருகிற மலைப்பூண்டு புவிசார் குறியீடு பெற்றது. அந்த மலைக்குளிர் நமக்குக் கிடையாது. இங்கே தாளுக்காகப் போடுங்கள்; கிழங்கு கொசுறு.

2. குற்றாலத்தில் சாரல் விழுகிறது, ஊரே குளுகுளுவென்று கிடக்கிறது என்று ஆனி, ஆடியில் ஊன்றிவிடாதீர்கள். சாரலில் ஈரம்தான் அதிகம், பல் அழுகும். ஐப்பசி அடைமழையும் ஆகாது. கார்த்திகைக் கடைசியில் மழை விட்டதும் ஊன்றினால் மார்கழி, தை இரவுக் குளிர் பயிருக்குக் கிடைக்கும். பூண்டு பல் பல்லாகப் பிரிவதே அந்தக் குளிரால்தான். போதாவிட்டால் ஒற்றை உருண்டையாக நின்றுவிடும்.

3. மலைப்பூண்டை விதைக்கு வாங்க வேண்டாம், அது மலைக்குப் பழகியது. மத்தியப் பிரதேசத்து மந்த்சௌர் பக்கம் சமவெளியில் விளைகிற பூண்டு மளிகைக்கடைக்கே வருகிறது. அதில் கெட்டியாக இருப்பதைப் பொறுக்குங்கள். குளிர்க் குறையை ஈடுகட்ட, ஊன்றுவதற்கு முன் முழுப் பூண்டாகவே காகிதப் பையில் சுற்றி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் மூன்று நான்கு வாரம் வையுங்கள். உறைய வைக்கிற பெட்டிக்குள் வைத்தால் போச்சு.

4. ஊன்றுகிற அன்றைக்குத்தான் பல்லைப் பிரிக்க வேண்டும். தோல் உரியக் கூடாது. வெளிச்சுற்றுப் பெரிய பல் விதைக்கு, உள்ளே இருக்கிற பொடிப்பல் ரசத்துக்கு. தட்டையான அடி கீழே, கூர் மேலே. இரண்டு அங்குல ஆழம், பல்லுக்குப் பல் நாலங்குலம். தலைகீழாக ஊன்றினாலும் முளைக்கும், ஆனால் முளை வளைந்து வருவதற்குள் பாதித் தெம்பு போய்விடும். மட்கிய தொழுவுரம் போதும். பச்சைச் சாணி வேண்டாம். கோழி கிளறாமல் மேலே முள் பரப்புங்கள்.

5. தென்னை நிழலில் பூண்டு வராது. நம்மூரில் வெயில் விழுகிற இடம் தேடுவதுதான் பெரும்பாடு. யானை வந்து தென்னையைச் சாய்த்துவிட்டுப் போன இடமென்றால் வெயிலுக்குக் குறைவிருக்காது!

6. மேக்கரை அடவிநயினார் அணைத் தண்ணீரில் நெல்லும் தென்னையும் கண்ட கை நம்முடையது. அந்தக் கையோடு பூண்டுக்குத் தண்ணீர் விடாதீர்கள். மேட்டுப்பாத்தி போட்டு, மேல்மண் காய்ந்த பிறகு விடுங்கள்.

7. நாற்பது நாளில் தாள் அறுக்கலாம். செடிக்கு ஒன்றிரண்டு வெளித்தாள் மட்டும். நடுக்குருத்தில் கை வைக்காதீர்கள். பொடியாக நறுக்கி முட்டையில் போட்டுப் பொரித்தால் அன்றைக்கு வேறு தொடுகறி தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு தாளின் அடியும்தான் கிழங்குக்கு ஒவ்வொரு தோலாகிறது. தாளும் வேண்டும் கிழங்கும் வேண்டும் என்கிறவர்கள் பாத்தியை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

8. பங்குனியில் அடித்தாள்கள் மஞ்சளாகும். அதோடு தண்ணீரை நிறுத்தி, பத்து நாள் கழித்துக் களைக்கொத்தியால் மண்ணை நெகிழ்த்தி எடுங்கள். தாளைப் பிடித்து இழுத்தால் கழுத்து அறும். கழுவக் கூடாது. தாளோடு கட்டி, காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள்.

9. ஒற்றை உருண்டையாக வந்தால் தூக்கி எறியாதீர்கள். உரிக்கச் சுலபம், குழம்புக்கு முழுசாகப் போடலாம். நாலைந்தை எடுத்துவைத்து அடுத்த கார்த்திகையில் அப்படியே ஊன்றுங்கள். குளிர் வாய்த்தால் அது பல் பிரியும்.