நெளிந்த ரிம்மை நிமிர்த்தலாமா, மாற்ற வேண்டுமா?

கேள்வி: மாமல்லபுரம் போகும் வழியில் காரின் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி, அலாய் ரிம்மின் உட்பக்க விளிம்பு நெளிந்துவிட்டது. காற்று இறங்கவில்லை. பேலன்சிங் செய்ததும் ஸ்டீயரிங் ஆட்டமும் நின்றுவிட்டது. கடைக்காரர் “காய்ச்சித் தட்டிடலாம்” என்கிறார். மைத்துனர் புதுசு வாங்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகர், செங்கல்பட்டு

பதில்: இருவரும் ரிம்மைக் கழற்றிப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். நாம் பார்த்துவிட்டுச் சொல்வோம்.

காற்று நிற்கிறது, ஆட்டம் இல்லை, அப்படியானால் ரிம்முக்கு ஒன்றுமில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பேலன்சிங் என்பது சிறு எடைக்கட்டிகளைப் பொருத்தி சக்கரத்தின் எடையைச் சமன் செய்வது மட்டுமே. அது நெளிவையும் எடுக்காது, விரிசலையும் மூடாது.

அடுத்து, ரிம் எதனால் ஆனது என்பது. இரும்பு ரிம் வளைந்து கொடுக்கும். சிறு நெளிவைத் தட்டி எடுக்கலாம். அலாய் ரிம் பெரும்பாலும் சிலிக்கான் கலந்த அலுமினிய வார்ப்பு. அதை ஏறத்தாழ 540 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, சட்டெனக் குளிர்வித்து, மறுபடி மிதமான சூட்டில் வைத்துப் பதப்படுத்துவார்கள். பலமே அந்தப் பதத்தில்தான். டார்ச்சால் காய்ச்சினாலும் வெல்டு வைத்தாலும் அந்த இடத்தில் பதம் கெடும். பெயின்ட் அடித்தால் புதிதுபோல் தெரியும்; பலம் திரும்பாது.

விரிசல் இருந்தால் இன்னும் ஆபத்து. 15 அங்குல ரிம் கொண்ட சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2 மீட்டர் ஓடும். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். போய்ச் சேருவதற்குள் 15,000 சுற்றுகள். சுற்றுக்குச் சுற்று விரிசல் இழுபட்டு அமுங்கி, மயிரிழை மயிரிழையாக வளரும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். கம்பியைத் திரும்பத் திரும்ப மடக்கினால் ஒடிகிறதே, அதுதான்.

எனவே டயரைக் கழற்றச் சொல்லி, ரிம்மின் உட்பக்கத்தைக் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு ரிம்மைச் சுழற்றி, டயல் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். நூலளவு விலகலையும் முள்ளால் காட்டும் கருவி அது. அனுமதிக்கப்பட்ட அளவு கார் நிறுவனத்தின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.

விரிசல் எங்கே இருந்தாலும், போல்ட் துளை சிதைந்திருந்தாலும், ஆரக்காலில் அடிபட்டிருந்தாலும், முன்பே நிமிர்த்திய இடம் மறுபடி நெளிந்திருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். வெறும் கீறலுக்கு மாற்ற வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றால் டயர் உட்காரும் விளிம்பு அரித்து, காற்று மெல்ல இறங்குவதுண்டு. அரிப்பு ஆழமாக இல்லையென்றால் தேய்த்துச் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும்.

உங்கள் ரிம்மில் விரிசல் இல்லாமல் நெளிவும் சிறியதாக இருந்தால், டார்ச் காட்டாமல் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் நிமிர்த்தி, மறுபடி சோதித்துவிட்டு மாட்டலாம். இல்லையென்றால் மைத்துனர் சொன்னதே சரி. அந்த ஒரு ரிம்மை மட்டும் மாற்றினால் போதும். அதே அளவில், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு வாங்குங்கள். அதுவரை ஸ்டெப்னியை மாட்டி நிதானமாக ஓட்டுங்கள்.