தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே எண்

இறுப்பிட்டி,
புங்குடுதீவு.

அன்பு மருமகளுக்கு,



நீ அனுப்பிய நிரலை இரண்டு முறை வாசித்தேன். ஊர்ச் சனங்களின் பதிவேட்டைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்று போன மாதம் சொன்னேன்; இவ்வளவு கெதியாகச் செய்து அனுப்பிவிட்டாய். ‘ஆள்’ என்றொரு தரவு வகை, அதற்குள் பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஆண்டு, முகவரி என நான்கு புலங்கள், அந்த வகைக்கு நீயே எழுதிய ஒரு ஹாஷ் சார்பு. கடைசியில் ஒரு கேள்வி: “மாமா, வேலுப்பிள்ளைக்கும் அவரின் மகன் கந்தையாவுக்கும் ஒரே ஹாஷ் எண் வருகுது. ஏன்?”

தொலைபேசியில் இரண்டு வசனத்தில் சொல்லி முடிக்கிற விஷயமல்ல இது. ஆறுதலாக எழுதுகிறேன், நீயும் ஆறுதலாக வாசி.

ஹாஷ் அட்டவணை என்பது கடிதங்களைப் பிரித்துப் போடும் தட்டுகளைப் போன்றது. பெயரைப் பார்த்ததும் இன்ன தட்டு என்று தெரிந்தால் முழுக் கட்டையும் கிளற வேண்டியதில்லை. தட்டின் எண்ணைச் சொல்வதுதான் ஹாஷ் சார்பு. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஹான்ஸ் பீட்டர் லூன் 1953இல் இந்த யோசனையை எழுதி வைத்தார். தட்டுகளில் கடிதம் பரவலாக விழும்வரை தேடல் வேகமாக இருக்கும். எல்லாம் ஒரே தட்டில் குவிந்தால் பழையபடி கட்டைக் கிளறுவதுதான்.

நீ பெயர், தகப்பன் பெயர், முகவரி மூன்றின் எண்களையும் எக்ஸ்-ஓர் என்ற பிட் செயலால் சேர்த்திருக்கிறாய். எக்ஸ்-ஓருக்கு முன்பின் கிடையாது. நம் ஆட்களோ பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பவர்கள். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். கந்தையாவின் மகன் வேலுப்பிள்ளை, வேலுப்பிள்ளையின் மகன் கந்தையா. இரண்டு பதிவிலும் இருப்பது அதே இரண்டு பெயர்கள், இடம் மட்டும் மாறியிருக்கிறது. இருவரும் ஒரே வளவில் இருக்கிறார்கள். எண் எப்படி வேறாகும்? இன்னொன்றையும் கவனி. இரண்டு புலத்தில் ஒரே மதிப்பு வந்தால் எக்ஸ்-ஓரில் ஒன்றையொன்று அழித்துப் பூச்சியமாகிவிடும்.

“அப்படியென்றால் பெயர்களை ஒட்டி ஒரே சரமாக்கி ஹாஷ் செய்கிறேன்” என்று நீ சொல்லக்கூடும். சாமிநாதரின் மகன் வேலு. நாதரின் மகன் வேலுசாமி. ஒட்டிப் பார்: இரண்டும் ‘வேலுசாமிநாதர்’. ஒரு புலம் எங்கே முடிகிறது என்பதும் ஹாஷுக்குள் போக வேண்டும். ரஸ்ட் மொழி இதை அழகாகச் செய்கிறது. ஒரு சரத்தின் பைட்டுகளை ஊட்டி முடித்ததும் 255 என்ற பைட்டை ஒரு முறை கூடுதலாக ஊட்டுகிறது. யு.டி.எஃப்-8 எழுத்துகளுக்குள் அந்தப் பைட் ஒருபோதும் வராது. ஆகவே அது ஐயமில்லாத எல்லைக்கல்.

மூன்றாவதாக ஒரு குறுக்குவழியும் உன் கண்ணில் படும்: பொருள் நினைவகத்தில் கிடக்கிறபடியே அத்தனை பைட்டையும் அள்ளி ஹாஷ் செய்வது. வேண்டாம். ஒரு பைட் எழுத்தும் நாலு பைட் எண்ணும் கொண்ட ஒரு வகை, வழக்கமான கணினிகளில் எட்டு பைட் இடம் பிடிக்கும். நடுவே இருக்கிற மூன்று பைட்டுகள் வெறும் இடைவெளி. அதற்குள் முன்பு கிடந்த குப்பை எதுவும் இருக்கலாம். சமமான இரண்டு பொருள்களுக்கு அந்தக் குப்பையால் வேறு வேறு எண் வந்துவிடும்.

இவ்வளவையும் ஒவ்வொரு வகையை எழுதுகிறவரும் நினைவில் வைத்திருக்க வேண்டுமென்றால், நாற்பது வகைகள் உள்ள நிரலில் நாற்பது இடங்களில் தவறு நடக்க வாய்ப்பு. எனவே உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்: ஒரு வகை, தான் எவற்றால் ஆனது என்று மட்டும் சொல்லட்டும். அவற்றை எப்படிக் கலப்பது என்பதை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

சி பிளஸ் பிளஸ் மொழியின் 2011ஆம் ஆண்டுத் தரம் ஹாஷ் அட்டவணைகளைக் கொண்டு வந்தபோது, ஒவ்வொரு வகையும் தன் ஹாஷ் எண்ணைத் தானே கணித்துத் தர வேண்டும் என்று வைத்தது. புலங்களின் எண்களை எப்படிச் சேர்ப்பது என்பதற்கு அந்தத் தரத்தில் வழி இல்லை. இரண்டு மதிப்புகள் கொண்ட ஒரு ஜோடிக்குக்கூட ஹாஷ் இல்லை. ஆளாளுக்கு எக்ஸ்-ஓரை எடுத்துக்கொண்டார்கள், உன்னைப் போல. 2014இல் ஹவர்ட் ஹின்னன்ட், வின்னி ஃபால்கோ, ஜோன் பைதவே மூவரும் அந்தத் தரக் குழுவுக்கு ஒரு முன்மொழிவை எழுதினார்கள். வகைகளுக்கு ஹாஷ் தெரியாது என்பதே அதன் தலைப்பின் பொருள். தெரியவும் தேவையில்லை என்று அவர்கள் வாதாடினார்கள்.

அவர்கள் சொன்ன வழியைத்தான் இப்போது பல மொழிகளில் பார்க்கிறாய். ரஸ்டில் ஒரு வகைக்கு நீ எழுதும் ஹாஷ் முறை எந்த எண்ணையும் திருப்பித் தருவதில்லை. அதன் கையில் ஒரு ஹாஷர், அதாவது கலக்கும் வேலையைச் செய்யும் கருவி, கொடுக்கப்படுகிறது. புலங்களை ஒவ்வொன்றாக அதற்கு ஊட்டிவிட்டு வேலையை முடித்துக்கொள்கிறது. கடைசி எண்ணைக் கேட்டு வாங்குவது அட்டவணை. ஸ்விஃப்ட் மொழி முதலில் எண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தது, 2018இல் 4.2 பதிப்பில் அதுவும் இந்த வழிக்கு மாறியது. கூகுள் வெளியிட்ட அப்சீல் நூலகம் சி பிளஸ் பிளஸ்ஸிலேயே இதைச் செய்துகாட்டுகிறது.

இதனால் வரும் நன்மையைக் கணக்காகப் பார். நாற்பது வகைகள், ஆறு ஹாஷ் முறைகள். ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு முறையையும் அறிந்திருக்க வேண்டுமானால் 240 துண்டு நிரல். பிரித்து வைத்தால் 46. ‘ஆள்’ என்பதற்குள் ‘முகவரி’ என்ற வகை இருந்தாலும் கவலையில்லை. ஆள் தன் ஹாஷரை முகவரியிடம் நீட்டினால், முகவரி தன் புலங்களை ஊட்டித் திருப்பிக் கொடுக்கும். நாளைக்கு வேறொருவர் ‘படகு’ என்று ஒரு வகை எழுதினால் உன் நிரலில் ஒரு வரியும் மாற வேண்டியதில்லை.

முறையை மாற்றும் தேவை எங்கிருந்து வருகிறது என்று கேட்பாய். ஜாவாவில் ஒரு சரத்தின் ஹாஷ், ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னதை 31ஆல் பெருக்கி அடுத்ததைக் கூட்டி வருகிறது. யூனிகோட்டில் ழகரத்துக்கு அடுத்த எண் வகரம். புள்ளிக்கும் மகரத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் சரியாக 31. ஆகவே ‘யாழ்’ என்ற சொல்லுக்கும் ‘யாவம’ என்ற பொருளற்ற சரத்துக்கும் ஒரே எண் வரும். தாளில் போட்டுப் பார். இனி ‘யாழ்’ என்பதைப் பத்து முறை தொடர்ந்து எழுதி, ஒவ்வோர் இடத்திலும் விரும்பினால் ‘யாவம’ என்று மாற்று. 1024 சரங்கள் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே எண். இருபது முறை எழுதினால் பத்து இலட்சத்துக்கும் மேல்.

கெட்ட எண்ணம் கொண்ட ஒருவர் இவற்றை ஒரு வழங்கிக்கு அனுப்பினால் எல்லாம் ஒரே தட்டில் விழுந்து வழங்கி திணறிவிடும். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்கொட் குரோஸ்பியும் டான் வாலக்கும் 2003இலேயே இதை எச்சரித்தார்கள். 2011 டிசம்பரில் பெர்லினில் அலெக்சாண்டர் கிளிங்கும் யூலியான் வெல்டேயும் பல மொழிகளின் வலைச் செயலிகள் இப்படி வீழும் என்று காட்டியபோதுதான் உலகம் அசைந்தது. அடுத்த ஆண்டு ஜோன்-பிலிப் ஓமசோனும் டானியல் பெர்ன்ஸ்டைனும் சிப்ஹாஷ் என்ற ஹாஷ் முறையைத் தந்தார்கள். அதற்கு 128 பிட் இரகசியச் சாவி ஒன்று உண்டு. சாவி தெரியாதவர் மோதும் சரங்களை முன்கூட்டித் தயாரிக்க முடியாது. அந்த முறைக்கு மாற, கலக்கும் வேலையைத் தமக்குள் புதைத்து வைத்திருந்த வகைகளை ஒவ்வொன்றாகத் தோண்டித் திருத்த வேண்டும். தம் பகுதிகளை மட்டும் சொன்ன வகைகளுக்கோ ஹாஷரை மாற்றினால் போதும். வெளியார் தொடாத உள்வேலைக்கு வேகமான எளிய முறையை வைக்கலாம். அதுவும் ஒரே இடத்து மாற்றம்.

என் அனுபவம் ஒன்றும் சொல்ல வேண்டும். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஹாஷ் எண்களையே கோப்பில் எழுதி வைத்தேன். நூலகத்தைப் புதுப்பித்த அன்று எண்கள் மாறின. பழைய பதிவு ஒன்றும் அகப்படவில்லை. அந்த எண் அந்த ஓட்டத்துக்கு மட்டும் உரியது. வட்டில் எழுதாதே.

இனி உனக்கே விட்டிருக்கிற பகுதி. சமமான இரண்டுக்கு ஹாஷும் சமமாக இருந்தே ஆக வேண்டும். எது சமம் என்று நீதான் முடிவு செய்ய வேண்டும். தமிழில் ‘கோபால்’ என்பதன் ‘கோ’வைக் ககரத்தோடு ஓர் ஓகாரக் குறியாகவும் வைக்கலாம், ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் வைக்கலாம். யூனிகோட் இரண்டையும் சமம் என்கிறது, பைட்டுகள் வேறு. சரத்தை முதலில் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கிவிட்டுத்தான் ஒப்பிடவும் ஹாஷ் செய்யவும் வேண்டும். ‘கௌரி’யை ளகரம் போட்டுக் ‘கெளரி’ என்று தட்டுகிறவர்களும் உண்டு. அதை யூனிகோட் கவனிக்காது. நம் ஊரையே இறுப்பிட்டி என்றும் இருபிட்டி என்றும் எழுதுகிறார்கள். இவை ஒன்றா என்பதைச் சொல்ல ஊர் தெரிந்த ஆள் வேண்டும்.

முகவரியை ஹாஷுக்குள் வைத்திருக்கிறாயே, அதை எடுத்துவிடு. அட்டவணைக்குள் போன பிறகு ஹாஷில் சேர்ந்த புலம் மாறக்கூடாது. மாறினால் அந்த ஆள் பழைய தட்டில் இருப்பார், தேடல் புதிய தட்டில் நடக்கும். பதிவில் இருக்கிறார், தேடினால் இல்லை. நம் சனங்கள் போருக்குள் இடம்பெயர்ந்து, பிறகு கனடாவுக்கும் சுவிசுக்கும் பிரான்சுக்கும் போனவர்கள். ஒருவருக்கு எத்தனை முகவரி! முகவரி மாறினதற்காக நம் பதிவேட்டில் ஒருவரும் தொலையக்கூடாது. இறந்தவரின் பெயருக்கு முன் ‘அமரர்’ சேர்க்கும்போதும் இதே கவனம் வேண்டும். அது தனிப் புலமாக இருக்கட்டும். பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஆண்டு மூன்றையும் வரிசையாக ஊட்டு. சமத்துவமும் அந்த மூன்றைக் கொண்டே இருக்கட்டும்.

திருத்திய பின் மூன்று சோதனைகள் எழுது. வேலுப்பிள்ளையும் கந்தையாவும் பிரிய வேண்டும். இரண்டு விதமாகத் தட்டிய கோபால் ஒன்றாக வேண்டும். முகவரியை மாற்றிய பிறகும் ஒருவரைத் தேடினால் கிடைக்க வேண்டும். மூன்றும் சரிவந்த அன்று குறிகாட்டுவான் பஸ்ஸில் ஏறி வா. வாசிகசாலையில் இருக்கும் பழைய கொப்பிகளை எடுத்து வைத்திருக்கிறேன். இருவருமாக இருந்து பெயர்களைப் பதிவோம்.

அன்புடன்,
மாமா